சம்பந்தி வீட்டு மட்டை

பாலிஷ்காரருக்கு ஒரு வியாதி உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் கதவுக் கைப்பிடியைத் தடவிப் பார்க்காமல் உள்ளே நுழையமாட்டார். முப்பத்தோரு வருஷம் கைப்பிடி செய்யும் பட்டறையில் பாலிஷ் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் விரல் அடங்கவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டிலும் இதே கூத்துதான். மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வீட்டில் அவருக்கு எப்போதும் ஒரு கூச்சம். சம்பந்தி பெரிய கம்பெனியில் அதிகாரியாக இருந்தவர், கோல்ஃப் ஆடுகிறவர். தங்கமான மனுஷர்தான். ஆனாலும் அவர் எதிரில் இவர் நாற்காலி நுனியில்தான் உட்காருவார்.

சம்பந்திக்கு லேசான பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்துபோயிருந்தது. இரண்டு மாதம் கழித்து, கை தேறிவிட்டது, மெல்ல ஆடலாம் என்று டாக்டர் சொன்னார். உடனே மனுஷர் பரணிலிருந்து தன் முதல் மட்டையை இறக்கினார். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுகிற மட்டை, பட்டர் என்பார்கள். தலை முழுக்கத் துரு, பிடி ரப்பர் பிய்ந்து தொங்கியது.

"குடுங்க சம்பந்தி. ஒரே வாரம், புதுசா கொண்டாந்து தரேன்" என்று பாலிஷ்காரர் முந்திக்கொண்டு வாங்கினார். அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

பிடிக்குப் புது ரப்பர் மாட்டினார். இரும்புத் தலையை ஒரு நாள் முழுக்க வினிகரில் ஊறப்போட்டார். துரு சேறாகக் கழன்றது. முரட்டு உப்புத்தாளில் ஆரம்பித்து நைஸ் தாள் வரை மூன்று சுற்றுத் தேய்த்தார். பிறகு டிரில்லில் துணிச் சக்கரத்தை மாட்டி, மெழுகு தடவி ஓடவிட்டார். ஓரம் எதுவும் கையை உறுத்தக்கூடாது என்பது பட்டறையில் அவர் படித்த பாடம். பந்தில் படும் முகப்பையும் விட்டுவைக்கவில்லை. அதன் ஓரங்களையும் மழமழவென்று ஆக்கினார். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு.

"கல்யாணம் ஆன புதுசுல என்னைக்கூட இப்படி உத்துப் பாத்ததில்ல" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலை, சம்பந்தி வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒரு டம்ளரைப் படுக்கவைத்துவிட்டு சம்பந்தி பந்தைத் தட்டினார். வலது பக்கம் ஓடியது. இரண்டாவது இடது பக்கம். மூன்றாவது சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. சம்பந்தி மட்டையைச் சுவரில் சாய்த்தார்.

"மட்டை பிரமாதம் சம்பந்தி. என் கைதான் பழைய கை இல்ல."

பந்தை எடுக்கக் குனிந்த பாலிஷ்காரர் அப்போதுதான் கவனித்தார். மட்டையின் முகப்பில் தெரிந்த ஜன்னலின் பிம்பம் நடுவில் உப்பியிருந்தது. தட்டையாக இருக்கவேண்டிய முகப்பு! ஓரங்களைச் சக்கரத்துக்குத் தின்னக் கொடுத்துவிட்டாரே, பாவி மனுஷர். சொல்லத்தான் வாயெடுத்தார்.

"மாமா கை வச்சா சும்மாவா? கண்ணாடி மாதிரி இருக்கு!" என்றார் மாப்பிள்ளை.

திறந்த வாய் மூடிக்கொண்டது. அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார். அடுத்த தடவை என்பது மூன்று வாரமாக வரவே இல்லை. வெட்கமாக இருந்தது. நாள் ஆக ஆக, சொல்லாமல் இருந்ததற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது. வாராவாரம் மகள் பேத்தியோடு வருவாள்; குழந்தையைத் தோளில் போட்டுக் கொஞ்சுகிற சாக்கில் மகளின் முகத்தைப் பார்க்காமல் தப்பித்துக்கொண்டார்.

பிறகு மகள் போன் செய்தாள். "அப்பா, மாமா எல்லா மட்டையையும் யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டார். நீங்க செஞ்சுகுடுத்த ஒண்ணுதான் பாக்கி. கார் சாவியக்கூட இவர்கிட்ட குடுத்துட்டார். ஒரு பந்து உருட்ட வக்கில்லாத கைக்கு கார் எதுக்குங்கறார்."

பாலிஷ்காரர் ஒரு எஃகு ஸ்கேலை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினார். கைப்பிடியைத் தடவாமல் உள்ளே போனார். மட்டையைக் கேட்டு வாங்கி, முகப்பின் குறுக்கே ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். நடுவில் ஒட்டியது, இரண்டு ஓரத்திலும் சந்து தெரிந்தது.

"உங்க கை நல்லாத்தான் இருக்கு சம்பந்தி. மட்டைய நான்தான் கெடுத்துட்டேன். நேரா தட்டினாலும் பந்து நேரா போகாது."

"எப்ப தெரிஞ்சுது?"

"அன்னிக்கே."

திட்டுவார் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். சம்பந்தி மட்டையைப் பார்க்கவே இல்லை. வலது கையை உயர்த்தி விரல்களை மடக்கி விரித்தார். இன்னொரு முறை மடக்கினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மூணு வாரமா பேத்தி தூக்கு தூக்குன்னு கை நீட்டறா. கீழ போட்டுடுவேனோன்னு பயந்து நான் தூக்கவே இல்ல சம்பந்தி."

உள்ளறையில் குழந்தை விழித்துச் சிணுங்கியது. சம்பந்தி எழுந்து வேகமாக உள்ளே போனார். பாலிஷ்காரர் ஸ்கேலைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். அவரைக் கூப்பிட்டார்கள், உள்ளே போக அவருக்கு முகம் இல்லை.