நெருப்பைச் சுவருக்கு வெளியே வைத்தவர்

மாமனாரின் பக்கத்து வீட்டுக்காரர் சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, மணியடிக்காமல் நின்றுகொண்டிருந்தார். காலை வேளையில் அவ்வளவு தூரம் வந்தவர் பேசாமல் நிற்கிறார் என்றால் நல்ல செய்தியாக இருக்காது. "பெரியவரு போயிட்டாருங்க. காப்பி குடிச்சிட்டு டம்ளர கீழ வெச்சாரு, அவ்ளோதான்" என்றார். என் மனைவி செண்பகத்திடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்பாவா?" என்று மட்டும் கேட்டாள்.

என் மாமனார் ரத்தினவேலு அவர்களை உங்களில் பலர் வாசகசாலையில் பார்த்திருப்பீர்கள். வேட்டிக்கு மேல் கோட்டு, கையில் குடை, வாயில் எப்போதும் ஒரு மறுப்பு. சைகோனில் சுங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, நம் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைமாறிய மறு வருஷம் குடும்பத்தோடு திரும்பியவர். யாராவது கொஞ்சம் வேகமாகப் பேசினால் கையை உயர்த்தி "தூஸ்மான், தூஸ்மான்" என்பார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அந்தச் சொல்லை நீங்கள் எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். மாப்பிள்ளை என்ற முறையில் எனக்குப் பங்கு கொஞ்சம் அதிகம்.

கப்பலில் வந்த அவருடைய சாமான்களில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் வெள்ளை எனாமல் பூசிய ஒரு தகர உருளை. அவர் அதை 'ஷோஃப்-ஓ' என்றார். நாங்கள் வெந்நீர் மிஷின் என்றோம். உள்ளே செப்புக்குழாய் சுருள் சுருளாகப் போகும். அடியில் காற்றடித்து ஏற்றுகிற மண்ணெண்ணெய் ஸ்டவ். குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெந்நீராக வரும். அண்டா கிடையாது, விறகு கிடையாது, கொதிக்கட்டும் என்று காத்திருப்பது கிடையாது.

மிஷின் வெகுநாள் பெட்டியிலேயே கிடந்தது. செண்பகம் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போனபோதுதான் அதை வெளியே எடுத்தார். வெந்நீர் அண்டாவை அடுப்பங்கரையிலிருந்து கொல்லை வரை தூக்கி என் அத்தைக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. "பொண்ணுக்கும் கொழந்தைக்கும் வேளா வேளைக்கு வெந்நீர் வேணும். இனிமே ஒருத்தரும் அண்டா தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். கொத்தனார் வந்தார். மிஷினோடு வந்த அச்சடித்த தாளை மாமா பிரெஞ்சில் உரக்க வாசித்து, பிறகு தமிழில் சொல்வார். கொத்தனார் இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டுவார். குளியலறைச் சுவரில் மேலே புகை போக ஒரு குழாய். கீழே, தரையை ஒட்டி, காற்று வர ஒரு துவாரம். "இந்த ஓட்டதான் முக்கியம். நெருப்பும் நம்மள மாதிரிதான், மூச்சு வுடணும்" என்று என்னிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பார். எனக்குச் சலிப்பாக இருந்தது. மிஷினைப் பற்ற வைத்த அன்று தெருவே வந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் ஊற்றக் குருசுக்குப்பத்திலிருந்து அங்கம்மா வந்தார். அந்தப் பக்கத்தில் அவர் கைபடாத தாய்மார்கள் குறைவு. அவர் குளியலறைக்குள் போனதும் முதலில் பார்த்தது வெந்நீர் மிஷினை அல்ல, கீழே இருந்த துவாரத்தை. "இன்னா இது, பச்ச ஒடம்புக்குள்ள காத்து பூந்துச்சின்னா ஆயுசுக்கும் எழுந்து நடக்க முடியுமா?" என்று கேட்டார். அத்தை மறுபேச்சுப் பேசாமல் பழைய புடவையைக் கொடுத்தார். துவாரத்தை அடைத்தார்கள். சிறிய சன்னலையும், கதவுக்குக் கீழே இருந்த இடுக்கையும் அடைத்தார்கள். பிள்ளை பெற்ற எந்த வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். மாமாவுக்கும் எனக்கும் அது தெரியாது. ஆண்கள் அந்தப் பக்கம் போகிற வழக்கமில்லை.

அன்று நான் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தேன். குழந்தை அத்தையின் மடியில் இருந்தது. கொல்லையிலிருந்து மிஷினின் இரைச்சலும் தண்ணீர்ச் சத்தமும் கேட்டன. அங்கம்மா சாம்பிராணிக்குத் தணல் எடுக்க வெளியே வந்தவர், இரண்டடி வைத்து, தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "தலைய இடிக்குது, கண்ண கட்டுது" என்றார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா எழுந்தார். "செம்பா!" என்று மகளைக் கூப்பிட்டார். பதில் இல்லை. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

அதுவரை அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஆண்கள் போகக்கூடாத அறையின் கதவை அவர்தான் தள்ளினார். செண்பகம் மணையிலிருந்து சரிந்து சுவரோரம் கிடந்தாள். மேலே ஒரு புடவையைப் போட்டு இரண்டு பேருமாகத் தூக்கி வேப்பமரத்தடியில் கிடத்தினோம். அவள் கண் திறக்கும் வரை நான் என்ன செய்தேன், என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. திறந்தாள். வாந்தியெடுத்தாள். "ஏன் எல்லாரும் நிக்கிறீங்க?" என்று கேட்டாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் தன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டியதில்லை என்றார்.

அதற்குள் கூட்டம் அங்கம்மாவைச் சூழ்ந்துகொண்டது. ஆளுக்கொரு பேச்சு. பொம்பளையா, எமனா என்று ஒருவர் கேட்டார். அத்தை, புடவையைக் கொடுத்தது நான்தானே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மாமா கூட்டத்தை விலக்கி, அங்கம்மாவின் கையில் காப்பியைக் கொடுத்து, குடிக்கும் வரை எதிரிலேயே நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "தூஸ்மான். காத்து படக்கூடாதுன்றது அந்தம்மா படிச்ச பாடம். நெருப்புக்குக் காத்து வேணும்ன்றது நான் படிச்ச பாடம். ரெண்டையும் ஒரே ரூம்புக்குள்ள வெச்சவன் நான். அந்தம்மாவ எவனாவது பேசினா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

அங்கம்மா இனி இந்த வீட்டுப் படியேறுவதில்லை என்று அழுதுகொண்டே போனார். மறுநாள் கொத்தனார் மறுபடி வந்தார். கட்டியதை இடிக்க வேண்டுமா என்று முணுமுணுத்தார். மாமா மிஷினைக் கழற்றி, அதே சுவரின் வெளிப்பக்கம், கொல்லையில், ஒரு தகரக் கூரை போட்டு மாட்டவைத்தார். நெருப்பும் புகையும் வெளியே. வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே. கீழே இருந்த துவாரத்தைச் செங்கல் வைத்துப் பூசிவிடச் சொன்னார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு குருசுக்குப்பம் போய் அங்கம்மாவை அழைத்துவந்தார். "இப்ப எவ்ளோ அடைக்கணுமோ அடச்சிக்கம்மா" என்று அவரே ஒரு பழைய வேட்டியை நீட்டினார். நான் பெரிய மனிதர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். அந்த வேட்டியை நீட்டிய கை அளவுக்கு ஒருவரும் எனக்குப் பெரியவராகத் தெரிந்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வெளியே யாருக்கும் இது தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் குளித்தாலும் அவர் நாற்காலியைக் கொல்லைச் சுவரோரம் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். கொஞ்ச நேரத்துக்கொரு தரம் "சா வா?" என்று குரல் கொடுப்பார். சௌக்கியமா என்று கேட்கிறார். உள்ளே இருப்பவர் "சா வா" என்று பதில் சொல்லியாக வேண்டும். விருந்துக்கு வந்தவர்கள் சோப்பு நுரையோடு விழிப்பார்கள். என்னையும் அவர் விட்டதில்லை. "இப்பதான் நெருப்பு வெளிய இருக்கே, மாமா" என்று ஒருநாள் கேலி செய்தேன். "நெருப்ப நவுத்திட்டேன் மாப்ள. பயத்த நவுத்த முடியல" என்றார்.

மயானத்தில் பால் தெளித்துவிட்டு மாமா வீட்டுக்கு வந்த அன்று செண்பகம் குளிக்கப் போனாள். வீடு நிறைய ஆட்கள், ஆளுக்கொரு வேலை. கொல்லையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சுவரோரம் போய் நின்றேன். என் வாய்க்குப் பிரெஞ்சு வராது. வந்தபடி சொன்னேன்: "சா வா?"

அழுகைதான் முதலில் வந்தது. பிறகு, "சா வா."

அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே நிற்பதையும்.