கோலா கலந்த இத்தாலிய ஒயின்

தொண்ணூறுகளின் கடைசியில், என் கணவருடன் வேலை பார்த்த இத்தாலியப் பொறியாளர் பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அவர்கள் ஊர் மலைச்சரிவில் விளையும் நாட்டுத் திராட்சையிலிருந்து தம் தந்தை தயாரித்த சிவப்பு ஒயினைக் கொண்டுவந்திருந்தார். எங்களுக்குப் பிடித்ததா என்று தந்தை மறுநாள் தொலைபேசியில் கேட்பார் என்றார்.

கணவரின் அண்ணன் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"ஐயே, புளிக்குதுப்பா! ஃப்ரிட்ஜ்ல கோலா இருக்குதா பாரு."

எல்லாத் தம்ளர்களிலும், விருந்தினருடையதிலும்கூட, ஐஸையும் கோலாவையும் போட்டு விரலாலேயே கலக்கினார். மிக்சர் தின்ற எண்ணெய் விரல். பழுப்பு நுரையைக் கண்டு எனக்குக் குமட்டியது. அண்ணனைத் தடுக்காமல் அசட்டுச் சிரிப்புடன் நின்ற கணவரைக் கண்டு இன்னும் குமட்டியது. விருந்தினர் தம்ளரைத் தொடவில்லை.

எங்கள் வீட்டில் பெண்கள் குடிப்பதில்லை. ஆயினும் சுத்தமான தம்ளர் ஒன்றை எடுத்துவந்து, புட்டியில் எஞ்சியதை ஊற்றிக்கொண்டேன்.

"என்னம்மா இது, அசிங்கமா?" என்றார் அண்ணன்.

"அசிங்கம் உங்க விரல்ல இருக்குது மாமா."

நாக்கு துவர்த்து வறண்டது. எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தும் மெதுவாக முழுவதையும் குடித்தேன். தந்தையிடம் என்ன சொல்வது என்று விருந்தினர் கேட்டார். துவர்ப்பு அடங்கியதும் நாவல்பழ மணம் வருகிறது என்றேன். அது உண்மைதான். நாவல்பழம் எப்படி இருக்கும் என்று அவருக்கு விளக்கியவர், தலை நிமிராத என் கணவர்.