நான் பாடாமல் விட்ட நாலாவது சரணம்

எழுபத்தாறாம் வருடம் ஜூன் மாதம், பாலக்காட்டில் ஒரு கல்லூரியின் மாடியில் நடந்தது இது. நான் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவள். எட்டாவது வரை படித்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. சர்ச்சில்கூடக் கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைப்பேன்.

என் தங்கை அப்படியில்லை. மதுரையில் சிஸ்டர்கள் விடுதியில் தங்கிப் படித்து, சங்கீதத்தின் சரித்திரத்தில் எம்.ஏ. பட்டம் வாங்கியவள். ஒரு பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடத்துக்குப் பேராசிரியர் தேவை என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. அதற்கு முன்பு இரண்டு இடங்களில் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்த வருடக் கடைசியோடு வயது வரம்பும் முடிகிறது. இது போனால் இனி இல்லை. துணைக்கு நான் போனேன்.

பல்கலைக்கழகம் அந்தக் கல்லூரியில் வைத்த நேர்காணலுக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். பட்டு ஜிப்பா போட்ட ஒருவர் எங்கள் ஊரைக் கேட்டுவிட்டு, "எஸ்டேட்ல என்ன சங்கீதம் இருக்கு? காலம்பற சங்கு ஊதுவாளே, அதுவா?" என்றார். பக்கத்தில் நின்ற பியூன் எல்லையோரப் பெருமாட்டி ஊர்க்காரர். "அந்தச் சங்கு ஊதலைன்னா உங்களுக்குக் காலையில டீத்தண்ணி கெடைக்காதுங்க" என்றார். என் தங்கை சிரித்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

அவள் உள்ளே போய் அரை மணி நேரம் இருக்கும். பியூன் வெளியே வந்து, "ஏனுங்கக்கா, உங்களை உள்ள வரச் சொல்றாங்க" என்றார்.

"நான் எதுக்குங்க? நான் வேலைக்கு வரலையே."

"தெரியுமுங்க. ஆனா உங்களைத்தான் கூப்புடறாங்க."

உள்ளே நீளமான மேசைக்குப் பின்னால் நாலு பேர். நடுவில் இருந்த பெரியவர் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. விஷயத்தை அவரே சொன்னார். என் தங்கை ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தாளாம். எங்கள் சனம் கம்பம், கூடலூர் வழியாக மலை ஏறி வந்தபோது கட்டிய பாட்டைப் பற்றியது. ஒவ்வொரு சரணத்திலும் வழியில் தங்கிய ஓர் இடம் வரும். எங்கள் அம்மா கொழுந்து எடுக்கும்போது பாடுவாள். மொத்தம் ஆறு சரணம். அந்தப் பாட்டு நூறு வருஷத்துக்கு முந்தின தாது வருஷத்துப் பஞ்சத்தில் பிறந்தது என்று தங்கை எழுதியிருந்தாள். மேசையின் ஓரத்தில் இருந்த மலையாளத்துக்காரர், எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாட்டை எப்படி நம்புவது, யார் வேண்டுமானாலும் எழுதிக்கொண்டு வரலாமே என்று கேட்டிருக்கிறார். பாடுகிற ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று இவள் சொல்லிவிட்டாள்.

"பயப்படாதீங்கோ. ஆத்துல பாடற மாதிரியே பாடுங்கோ" என்றார் பெரியவர்.

தரையைப் பார்த்துக்கொண்டே பாடினேன். முதலில் குரல் வரவில்லை. இரண்டாவது சரணத்தில் கொழுந்துக் கூடை முதுகில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன், வந்துவிட்டது. மலையாளத்துக்காரர் கட்டுரையின் ஒவ்வொரு வரியிலும் பென்சிலை நகர்த்திக்கொண்டே வந்தார். முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இதில் ஆறு உண்டு. இவர் பாடியது அஞ்சு. நாலாமத்தது இல்லையல்லோ? கட்டுரை முழுக்க அதும்மேலதானே நிக்குது?"

என் தங்கையைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. முதல் சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்தவள் என்று ஆகிவிடும். வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். அம்மாவிடம் கேட்ட நாளிலிருந்தே அந்தச் சரணம் எனக்குக் கூச்சம். எஸ்டேட்டில் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குள் பாடுவேன், வெளி ஆள் இருந்தால் தாண்டிவிடுவேன். கட்டுரையில் சொன்ன பஞ்சத்துக்கு அந்தச் சரணம்தான் சாட்சி என்பது எனக்குத் தெரியாது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன்.

எப்படி அவ்வளவு பேசினேன் என்று இன்றும் தெரியவில்லை. "பாட்டு இருக்குய்யா. நாந்தான் விட்டுட்டேன். எங்காளுக கையேந்தி நின்னதைச் சொன்னா, பிச்சக்காரக் குடும்பம்னு எந்தங்கச்சிக்கு வேலை தரமாட்டீகன்னு நெனச்சேன்."

பெரியவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "பாடுங்கோ, எழுதிக்கறேன்" என்றார்.

இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை.

"கஞ்சித்தொட்டி வாசலில கையேந்தி நின்னோமடி
காதும் மூக்கும் மூளியாக கணவாயத் தாண்டுனோமடி"

மலையாளத்துக்காரர், "மூளின்னு சொன்னா?" என்று கேட்டார். கட்டுரையில் அர்த்தம் இருந்திருக்கும். ஆனாலும் என்னிடம் கேட்டார்.

"நகை இல்லாத வெறுங் காதுய்யா. தோடு, மூக்குத்தி எல்லாத்தையும் வித்துத் தின்னுட்டாக. அதுக்கப்புறந்தான் சர்க்கார் கஞ்சி ஊத்துற கஞ்சித்தொட்டிக்குப் போனாக."

அவர் பென்சிலை எடுத்து நாலாவது சரணத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டார். பிறகு என் தங்கையிடம் பேச ஆரம்பித்தார். சர்க்கார் கஞ்சித்தொட்டி எந்த ஊரில் இருந்தது, மலை ரோடு எப்போது வந்தது, மெட்டு எங்கிருந்து வந்தது என்று ஒன்று விடாமல் கேட்டார். அவள் பதில் சொல்லச் சொல்ல மற்றவர்களும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். என்னை வெளியே போகச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பேசி முடிக்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன். எங்கள் அம்மாவின் பாட்டைப் பற்றிப் படித்தவர்கள் ஒருவரை ஒருவர் மறித்துப் பேசுவதை அன்றுதான் பார்த்தேன்.

ஆறு வாரம் கழித்து எஸ்டேட் ஆபீசுக்கு, தங்கைக்கு வேலை கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கிளார்க் அதைச் சத்தமாக வாசித்தார். எங்களோடு கொழுந்து எடுக்கும் ஒருத்தி, "இனி ஒன்னையும் டீச்சரம்மான்னுதான் கூப்புடணுமா?" என்று என் இடுப்பில் இடித்தாள். நான் வழக்கம்போலக் குனிந்துகொண்டேன், ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தங்கை இப்போது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள், அது எங்கள் லயத்துக்கே பெருமை. ஆனால் என் மனசுக்குள் நான் வைத்திருக்கும் பெருமை, நகையெல்லாம் விற்றுத் தின்ற பிறகும் நடையை நிறுத்தாமல் மலை ஏறியவர்களின் வயிற்றில் பிறந்தவள் நான் என்று அந்த அறையில் என் வாயாலேயே சொன்னதுதான்.