லீவரில் தொங்கிய சட்டை

செய்தி வந்தபோது நான் வாலாஜாபாத்தில் ஒரு உரக்கடை வாசலில் நின்றிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். தென்னேரியில் எங்கள் டிராக்டர் கொட்டகைக்குப் பக்கத்துக் கழனிக்காரி கஸ்தூரி போன் செய்தாள். "அக்கா, ஏகாம்பரம் அண்ணன் பூட்டாருக்கா. உன் டிரெய்லராண்டதான்" என்றாள். அதற்கு மேல் அழுகைதான் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

செவிலிமேட்டில் பட்டறை வைத்திருந்த ஹைட்ராலிக் மெக்கானிக் ஏகாம்பரத்தை இந்தச் சுற்றுவட்டாரத்தில் டிராக்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் நெஞ்சுவலியில் போனார் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று காலை நடந்ததில் உங்களுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அன்று அவரை வரச் சொன்னவள் நான். "அண்ணே, டிரெய்லர் பெட்டியத் தூக்கினா நிக்க மாட்டேங்குது. தானா இறங்கிக்கினே வருது" என்று போனில் சொன்னேன். "வால்வு கசியுதுமா. நான் வந்து பாக்கறேன். நீ இருக்கணும்னு இல்ல, சாவிய மட்டும் கஸ்தூரியாண்ட குடுத்துட்டுப் போ" என்றார். கொடுத்துவிட்டுப் போனேன். தூக்கிய பெட்டிக்கு அடியில் நிறுத்துகிற இரும்பு முட்டு கொட்டகையில் இல்லை என்பதை நான் சொல்லவில்லை. ஆடிக் கூழ் வார்க்கிறார்கள், விளக்கு வளைவு கட்ட நீளமான பைப்பு வேண்டும் என்று கோயில்காரர்கள் நான்கு நாள் முன்னால் வந்து கேட்டார்கள். தூக்கிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன்.

உரக்கடை வாசலில் அதுதான் நினைவுக்கு வந்தது. தானாக இறங்கும் பெட்டி, முட்டு இல்லை, அடியில் அண்ணன். நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். வாய்விட்டே சொல்லியிருக்க வேண்டும், கடைக்காரர் "என்னம்மா?" என்றார். ஸ்கூட்டியை எப்படி ஓட்டி வந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவரை முதலில் பார்த்ததும் இந்த டிரெய்லரால்தான். என் கணவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறார். டிராக்டரும் மண் அடிக்கும் தொழிலும் என் பொறுப்பு. பழைய டிப்பர் டிரெய்லர் ஒன்றை வாங்கினோம். பெட்டியைத் தூக்கும் சிலிண்டருக்கு எண்ணெய் போக ஒரே ஒரு ஓஸ். டிராக்டரின் பின்பக்க வால்வில் வாய் இரண்டு. ஒன்றில் ஓஸைச் சொருகி லீவரை இழுத்தேன், பெட்டி ஏறியது. இறக்குவதற்கு மறுபக்கம் தள்ளினேன். பெட்டி இறங்கியது, ஆனால் டிராக்டர் காது கிழியக் கத்தியது. அப்படித்தான் கத்தும்போல என்று ஒரு மாதம் ஓட்டினேன். எண்ணெய் தீய்ந்த வாடை வரத் தொடங்கிய பிறகுதான் யாரோ அவரை அழைத்து வந்தார்கள்.

ஒரு முறை ஏற்றி இறக்கச் சொன்னார். டிராக்டர் கத்தியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "இது ஒத்தை ஓஸு சிலிண்டருமா. எண்ணெய் தூக்கத்தான் தூக்கும். இறக்கறது எண்ணெய் இல்ல, பாரம். நீ இறக்கறேன்னு எண்ணெயத் தள்ளிவுடறது அந்த ரெண்டாவது வாயில. அது மூடிக் கெடக்குது. எண்ணெய் எங்க போவும்? அதான் கத்துது" என்றார். லீவரை இன்னும் ஒரு படி முன்னால் தள்ளி, அங்கே தானாக நிற்கும்படி விட்டார். அதற்கு மிதவை என்று பெயர். எந்தப் பக்கமும் அழுத்தம் இல்லாமல் எண்ணெய் தன் போக்கில் டிராக்டருக்கே திரும்பிவிடும். பெட்டி சத்தமே இல்லாமல் இறங்கி உட்கார்ந்தது. "தூக்கறதுக்குத்தான் அதிகாரம் வேணும். இறக்கறப்ப வுட்டுடு, தானா வரும்" என்றார். எனக்கு விடத் தெரியாது என்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார் மனுஷர்.

அவருடைய வேலைமுறையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பெட்டியைத் தூக்குவார். பக்கவாட்டில் நின்று முட்டுக் கொடுப்பார். பிறகு பெட்டியை மெல்ல இறக்கி, அதன் பாரம் முழுவதும் முட்டின்மேல் உட்காரும்படி செய்வார். எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப் பையில் போட்டு, அந்தச் சட்டையைக் கழற்றி லீவரில் மாட்டுவார். அதற்கப்புறம்தான் அடியில் குனிவார். அவர்கள் வீடு பட்டு நெசவு வீடு. தறியை விட்டு ஆள் எழுந்து போனால் துண்டைப் போட்டுவிட்டுப் போவார்களாம், அடுத்தவர் கை வைக்க மாட்டார்களாம். "சட்டை தொங்கினா நான் உள்ள இருக்கறேன்னு அர்த்தம். மாட்டினவன்தான் எடுக்கணும்" என்பார். பனியனோடு வேலை செய்யும் அவரைக் கேலி செய்யாத டிரைவர் கிடையாது. ஆனால் யாரும் அந்தச் சட்டையைத் தொட்டதில்லை.

நான் அந்த ஒழுங்குக்குள் அடங்கியவள் இல்லை. ஒருநாள் தூக்கிய பெட்டிக்கு அடியில் களிமண் அப்பியிருந்தது. இரண்டு நிமிஷ வேலைதானே என்று மண்வெட்டியோடு குனிந்துவிட்டேன். அண்ணன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். நான்கு டிரைவர்கள் பார்க்க, "உனக்கு என்னா கொழுப்பு! ஒரு ஓஸு வெடிச்சா உன்ன வழிச்சித்தான் எடுக்கணும்!" என்று கத்தினார். எனக்கும் கோபம் வந்தது. "என் டிரெய்லரு, என் தலை" என்றேன். செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார். மார்கழி முழுவதும் போன் எடுக்கவில்லை.

பொங்கலன்று காலையில் தன் வண்டியில் நீளமாக எதையோ கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கனமான இரும்புப் பைப்பு. இரண்டு முனையிலும் கிண்ணம்போல வெல்டு வைத்து, சிவப்புப் பெயின்ட் அடித்து, நடுவில் மஞ்சள் கொத்து கட்டியிருந்தார். "அண்ணன் சீரு. ஊருல எவனும் தங்கச்சிக்கு இரும்புல சீர் கொண்டாந்திருக்க மாட்டான், புடி" என்றார். நான் சிரித்தேன், பிறகு உள்ளே போய் அழுதேன். அந்த இரும்பு முட்டுதான் நான் கோயிலுக்குத் தூக்கிக் கொடுத்தது.

கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது கூட்டம் கூடியிருந்தது. என் கண் முதலில் தேடியது அவரை அல்ல, பெட்டியை. பெட்டி மேலே நின்றது. அதன் அடியில் சிவப்பு முட்டு நேராக நின்றது. லீவரில் அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டை தொங்கியது. பத்தடி தள்ளி, புங்கமரத்தடியில் பனியனோடு அவரைக் கிடத்தியிருந்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. "அப்பாடா" என்றேன். ஆமாம், செத்துக் கிடந்தவர் முன்னால் நின்று அந்த வார்த்தையைச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அந்த நிம்மதியும் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. முட்டு எப்படி இங்கே வந்தது என்று கஸ்தூரியைக் கேட்டேன்.

"முட்டு எங்கன்னு கேட்டாருக்கா. கோயிலாண்ட கட்டிக்கீதுன்னேன். ஆள் அனுப்பறேன்னேன். வாணாம், வேற எதையாச்சும் எடுத்தாருவாங்கன்னு அவரே போனாரு. அவுத்துத் தோள்ல தூக்கிக்கினு வந்தாரு, வெயில்ல. பெட்டியத் தூக்கி அடியில நிக்க வெச்சிட்டு, சட்டையக் கழட்டி மாட்டிட்டு, கொஞ்சம் தண்ணி குடும்மான்னாரு. சொம்ப எடுத்துக்கினு வந்து பாக்கறேன், சாஞ்சிக் கெடக்கறாருக்கா."

கோயிலிலிருந்து கொட்டகைக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும். நான் மறக்காமல் இருந்திருந்தால் அவர் அந்தப் பாரத்தைத் தூக்கியிருக்க மாட்டார்.

அடக்கத்தின்போது அவர் மனைவி விசாலம் அக்காவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. டிரெய்லரும் அப்படியே நின்றது. சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. மண் கேட்டவர்கள் போன்மேல் போன் செய்தார்கள். "எடுத்தா என்ன?" என்று என் கணவர் கேட்டார். மாட்டினவர் எடுக்கவில்லையே என்றேன். மழை பெய்தது, சட்டை நனைந்தது, காய்ந்தது. யாரும் கிட்டே போகவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விசாலம் அக்கா வீட்டுக்குப் போனேன். தறியில் உட்கார்ந்திருந்தாள், நெய்யவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த நெசவு நாடாவைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பைப்புக்கு அவரு வெல்டு வெக்கறப்ப மறுமுனைய நான்தான் புடிச்சிக்கினு இருந்தேன்" என்றாள். "தங்கச்சிக்கு, தங்கச்சிக்குன்னு சொல்லிக்கினே செஞ்சாரு. அதைப் போயி குடுத்துட்டியேன்னு கோவம் வருதுமா. வராம இருக்குமா?"

நாடாவைக் கீழே வைத்தாள்.

"நெஞ்சுல அடைப்பு ரொம்ப நாளா இருந்திருக்கும்னு டாக்டரு சொல்றாரு. பைப்பத் தூக்குனதால போனாரா, எப்படியும் போயிருப்பாரா? உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இனிமே யாரைப் போயிக் கேக்கறது?" பிறகு, "சட்டை இன்னும் அங்கயா கீது?" என்றாள்.

"ஆமாக்கா. யாரும் தொடல."

தறியிலிருந்து எழுந்தாள். எழுந்தபோது பழக்கத்தில் துண்டை எடுத்துப் பலகைமேல் போட்டாள். "வா, போலாம்" என்றாள்.

தென்னேரிக்கு வந்தோம். நேராகப் போய் லீவரிலிருந்து சட்டையை எடுத்தாள். உதறி, மடித்து, மார்போடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இறக்கு" என்றாள். எஞ்சினைப் போட்டுப் பெட்டியைச் சற்றுத் தூக்கிப் பிடித்தேன். கஸ்தூரி தள்ளி நின்று அந்தச் சிவப்புப் பைப்பைக் கயிற்றால் இழுத்தாள். லீவரை மிதவையில் விட்டுக் கையை எடுத்துவிட்டேன். பெட்டி தன் பாரத்திலேயே இறங்கியது. டிராக்டர் கத்தவில்லை. அக்கா கத்தினாள். அடக்கத்தில் வராத அழுகையெல்லாம் அன்றுதான் வந்தது.

வால்வைப் பிறகு வேறொரு மெக்கானிக் வந்து சரிசெய்தார். அவர் அடியில் குனிவதற்கு முன்னால், வேலைக்குப் புடவைமேல் நான் போட்டுக்கொள்ளும் சட்டையைக் கழற்றிச் சாவியோடு லீவரில் மாட்டினேன். ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். மாட்டினவள்தான் எடுப்பேன், தைரியமாகப் போங்கள் என்றேன்.

போன வாரம் கோயில்காரர்கள் மறுபடியும் வந்தார்கள். இன்னொரு விசேஷமாம், அந்தச் சிவப்புப் பைப்பு வேண்டுமாம். டிரெய்லர் காலியாக, பெட்டி இறங்கி நின்றது. முட்டு அதன் பக்கவாட்டில் சங்கிலியில் பூட்டியிருந்தது. வேலையில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.