அக்கா காணாத பனிச்சிறுத்தை

அக்கா பனிச்சிறுத்தை பார்க்கப் போன மாசி மாதம் எனக்கு எட்டு வயது. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தவள், பேராசிரியரோடும் நான்கு மாணவர்களோடும் லடாக் மலைக்குப் போனாள். மேலே போன் வேலை செய்யாது, பத்தாம் நாள் கீழே இறங்கியதும் எடுப்பேன் என்று சொல்லியிருந்தாள்.

பத்தாம் நாள் போன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அம்மா மாதா கோயிலில் அவளுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார். அப்பா எங்கள் வாசலில் மைனஸ் இருபத்தைந்து பாகைக் குளிரில் காரின் மேலிருந்த பனியை வழித்துவிட்டு உள்ளே வந்து, “அங்க சரியான குளிரா இருக்கும்” என்று கவலைப்பட்டார். இருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எனக்கோ ஒரே கவலைதான்: சிறுத்தையைக் கண்டாளா, இல்லையா? கட்டாயம் காண்பாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை போன் அடித்தது. பனி கொட்டிப் பாதை மூடிவிட்டதாம், இறங்கப் பிந்திவிட்டதாம். அப்பா, “சாப்பிட்டியோ பிள்ளை?” என்றார். அம்மா கேட்டது வேறு.

“அந்த மிருகம் கிட்ட வந்ததோ?”

“இல்லையம்மா. ஒண்டையும் காணேல்லை. பத்து நாளும் கல்லுத்தான் பாத்தனாங்கள்.”

அம்மா கதிரையில் அமர்ந்து சிலுவை போட்டுக்கொண்டார். அப்பா சிரித்தார். இவ்வளவு பெரிய தோல்வியை இருவரும் கொண்டாடுவது எனக்குப் பொறுக்கவில்லை. அழத் தொடங்கினேன். தங்கச்சியிடம் குடுங்கோ என்றாள் அக்கா. போனோடு அறைக்குள் ஓடினேன்.

“அழாதை. நான் பாத்தனான்.”

மற்றவர்கள் எதிர்மலையைத் தொலைநோக்கியில் துழாவிக்கொண்டிருக்க, விட்டுவந்த கையுறையை எடுக்க அவள் தனியே திரும்பி நடந்திருக்கிறாள். பக்கத்துப் பாறையில் இரண்டு கண்கள் திறந்தன. உடம்பளவு நீளமான வால். அது அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் எழுந்து போய்விட்டதாம்.

“அம்மாக்குச் சொல்லாதை. பேந்து என்னை ஒரு இடமும் விடமாட்டா.”

சத்தியம் செய்துகொடுத்தேன்.

அன்று இடியப்பமும் சொதியும். அம்மா இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டதைப் பார்த்தேன். பிறகு நான் அதே மேசையில் வைத்துப் படம் வரைந்தேன். சொல்லக்கூடாது என்றுதானே சத்தியம், வரையக்கூடாது என்று இல்லையே.

அம்மா கோப்பைகளை எடுக்க வந்தவர் நின்று பார்த்தார்.

“வால் நல்ல நீளம். அக்கா எங்க நிக்கிறா?”

தாளின் ஓரத்தைக் காட்டினேன்.

“எவ்வளவு தூரம்?”

“எங்கட வாசல்ல இருந்து ரோட்டளவு.”

படத்தைப் பற்றித்தான் கேட்டார், படத்தைப் பற்றித்தான் சொன்னேன். இரகசியத்தைக் காப்பாற்றிய பெருமை எனக்கு நெடுநாள் இருந்தது.

அம்மா படத்தைப் பிரிட்ஜில் ஒட்டினார். பிறகு வாசல் கதவைத் திறந்து, குளிர் வீட்டுக்குள் வர வர, ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நீண்ட மூச்சொன்று விட்டுக் கதவைச் சாத்தினார்.

பள்ளிக்கூட பஸ் வருகிறதா என்று பார்க்கிறார் என நினைத்தேன். அன்று சனிக்கிழமை.