போஸ்டரில் ஊற்றும் பால்

பேருந்துக்கு டயர் மாற்றும் வரை ஸ்ரீபெரும்புதூர் டீக்கடை ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். கேனோடு வந்து நிற்கும் பால்காரம்மாவிடம் கடைக்காரர் இனிப் பால் வேண்டாம் என்கிறார். காரணம், சுவரில் இருக்கும் பழைய சாக்லேட் விளம்பரம். அதில் சாக்லேட்டின் மேல் பால் கயிறு மாதிரி கெட்டியாக இறங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கிறவர்கள் இந்தப் பாலைக் குறை சொல்கிறார்களாம்.

"அதப் பாரு, இன்னா கெட்டி! உன்னுதுல தண்ணிதான் கீது."

"அது பெயிண்டுண்ணே. எங்கூட்டு மாடு பெயிண்டா கறக்கும்?"

உணவுத் தொழில்நுட்பம் படித்த என்னால் சும்மா இருக்க முடியவில்லை. விரல்களை மடக்குகிறேன். "ஒண்ணு, சாக்லேட் பொறந்தது மெக்சிகோ பக்கம். ரெண்டு, அங்க கொக்கோவ அரைச்சுத் தண்ணியிலதான் கலக்கிக் குடிச்சாங்க, மொளகாயும் போட்டு. மூணு, பால் சேர்த்தது ரொம்பப் பின்னாடி."

"கேட்டுக்கினியா? படிச்ச பொண்ணே சொல்லுது. ஆதியிலயே தண்ணிதான்!" பால்காரம்மா மளமளவென்று பாலை அளந்து ஊற்றிவிட்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடக்கிறார்.

கடைக்காரர் எனக்கு டீ கொண்டுவந்து வைக்கிறார். கண்ணாடி டம்ளரில் இருக்கும் டீயின் ஊடாகவே அந்தப் பக்கம் என் பேருந்து தெளிவாகத் தெரிகிறது.

"மொளகா போடட்டுங்களாம்மா?" என்று கேட்கிறார்.