கோலியர்ஸ் வுட்டில் ஒரு பிடி தெர்ப்பை

லண்டனில் கவுன்சில் வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும், மற்றவர்களைப்போல் ரோசா நடாமல், கோலியர்ஸ் வுட் வீட்டின் முன்தோட்டத்தில் நான் புல் நட்டேன். அமெரிக்கப் பிரெய்ரிச் சமவெளிகளில் தானாக வளரும் ஸ்விட்ச் கிராஸ். விற்றவர் அதை அலங்காரப் புல் என்றார். முற்றத்தில் ஒரு புல்லும் நிற்கவிடாமல் கூட்டிப் பழகிய எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களோ, "என்ன, புல்லு வெட்ட ஆள் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டு வருடம் அது வேரைத்தான் வளர்த்தது. மூன்றாம் வருடம், தொண்ணூறுகளின் நடுவில் ஓர் அக்டோபரில், இடுப்பளவுக்கு எழுந்து, செம்மஞ்சளாகி, புகைபோலப் பூத்து நின்றது. இனிக் குளிர்காலம் முழுவதும் நிற்கவிட்டு, பெப்ரவரி முடிவில்தான் வெட்ட வேண்டும். அது விதி.

அந்த வாரம் நாலாம் வீட்டுக்காரர் வந்தார். அவருடைய அகதி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான். முடிவு வராததால் அவர் எங்கும் பயணம் போக முடியாது. யாழ்ப்பாணத்தில் இறந்த தாய்க்கு மறுநாள் முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி.

"அண்ணை, ஐயருக்கு வந்த தெர்ப்பையை எயார்போட்டிலை பறிச்சுப்போட்டாங்கள். உங்கடை புல்லிலை ஒரு பிடி தாங்கோ."

"உது தெர்ப்பை இல்லை. அமெரிக்கப் புல்லு."

"கொள்ளி வைக்கத்தான் போகேலாமல் போச்சு. இதையாவது செய்யவேணும் அண்ணை."

தாவரம் கொண்டுவருவதென்றால் முன்கூட்டியே சான்றிதழ் எடுத்திருக்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதியில் நிறுத்திவிட்டுக் கத்தரிக்கோல் எடுக்கப் போனேன். ஒரு பிடி மூன்று பிடியானது. நடுவில் ஓட்டை விழுந்த புதர்தான் எனக்கு மிஞ்சியது.

மறுநாள் அவருடைய முன்னறையில் ஐயர் ஒரு புல் தாளை எடுத்து, தெர்ப்பையின் கூர் இருக்கிறதா என்று ஓரத்தில் பெருவிரலை ஓட்டிப் பார்த்தார். கிரியை செய்ய இருந்த மகனை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இது தெர்ப்பைதானே?"

கவுன்சிலில், படிவத்தின் ஒரு கட்டத்தில் பொய்யான விபரம் இருந்தாலே முழு விண்ணப்பத்தையும் திருப்பி அனுப்பியவன் நான். ஈர வேட்டியோடு மகன் தலை குனிந்திருந்தார்.

"ஓம் ஐயா," என்றேன்.

"நீங்கள் படிச்ச மனுசன். சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

ஐயர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மகனின் விரலுக்குப் பவித்திர மோதிரம் முறுக்கத் தொடங்கினார். முதல் தாள் முறுக்கும்போதே ஒடிந்தது. ஐயர் அடுத்ததைத் தண்ணீரில் நனைத்து எடுத்தார்.